தோழி யாரிடம் சொல்வாள்?

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் நம் கல்லூரிகளின் துறை அறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மேசைமேல் குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் புகைப்படம், பெற்றோரின் தொழில், ஆண்டு வருமானம், வருகை விழுக்காடு, அக மதிப்பீட்டு மதிப்பெண், நிலுவைத் தாள்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். அவற்றின் கீழே 'மாணவர் தெரிவித்த குறைகள்', 'ஆசிரியர் வழங்கிய ஆலோசனை', 'மேல்நடவடிக்கை' என மூன்று கட்டங்கள். பருவம் முழுவதும் நிகழ்ந்திருக்க வேண்டிய உரையாடல்களை ஒரே பிற்பகலில் நினைவுகூர்ந்தும், நினைவு கைவிடும் இடங்களில் கற்பனையைத் துணைக்கழைத்தும், வெவ்வேறு பேனாக்களால் தேதியிட்டுக் கையொப்பமிடும் பணி அங்கே நடந்துகொண்டிருக்கும். இதை எழுதும் நாமும் அப்பணியைச் செய்தவர்களே.

கல்லூரிக்குக் கல்லூரி இப்பொறுப்பின் பெயர் மாறும். டியூட்டர் என்பர்; மென்டார் என்பர்; வகுப்பு ஆலோசகர் என்பர். ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது முதல் நாற்பது மாணவர்கள் வரை ஒப்படைக்கப்படுவர். அவர்களுக்கு 'வார்டு' என்று பெயர். அம்மாணவர்களின் படிப்பு, வருகை, உதவித்தொகை, விடுதிச் சிக்கல், வீட்டுத் துயரம், காதல் தோல்வி என யாவற்றுக்கும் முதல் வாசல் அந்த ஆசிரியரே. இப்பொறுப்பை ஏற்றவர்கள் மெல்ல மெல்ல உள்ளுக்குள் கருகிப்போவதைப் பற்றி நம்மிடையே ஏறத்தாழ யாரும் எழுதவில்லை. மாணவரின் மன அழுத்தம் குறித்துக் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. அக்கருத்தரங்கை ஏற்பாடு செய்யும் ஆசிரியரின் மன அழுத்தம் எந்த அமர்விலும் இடம்பெறுவதில்லை.

அகப்பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழும். தலைவி தன் துயரைத் தோழியிடம் சொல்கிறாள். தலைவனும் தோழியையே நாடுகிறான். செவிலிக்கு உண்மையை உணர்த்த வேண்டியவளும் தோழிதான். மூவர்க்கும் நடுவே நின்று எல்லாரின் மனத்தையும் சுமக்கும் அத்தோழி, தன் சுமையை யாரிடம் சொல்வாள்? மரபு அக்கேள்வியை எழுப்பவில்லை. தோழிக்கென்று ஒரு துயரம் இருக்கக்கூடும் என்பது திணையமைப்பின் கணக்கிலேயே வரவில்லை. டியூட்டரின் நிலையும் அதுவே. மாணவர் அவரிடம் வருகிறார். பெற்றோர் அவரைத் தொலைபேசியில் அழைக்கின்றனர். துறைத்தலைவரும் முதல்வரும் அவரிடமே விளக்கம் கேட்கின்றனர். அவர் செல்வதற்கென்று ஒரு வாசல் இல்லை.

இம்முறையின் வேர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் டியூட்டர் மரபில் இருக்கிறது. அங்கே ஓரிரு மாணவர்கள் ஓர் ஆசிரியருடன் அமர்ந்து கட்டுரையை வாசித்து விவாதிப்பர். நம்மிடம் பெயர் வந்தது, எண்ணிக்கை வரவில்லை. 1994-இல் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவாகிய நாக் தொடங்கப்பட்டது. அதன் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதமும் ஒரு கேள்வியாகச் சேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு கேட்கப்பட்ட கேள்விதான். எனினும் மதிப்பெண் தரும் எந்தக் கேள்வியும் நம் நாட்டில் விரைவிலேயே கோப்பாகிவிடும். வகுப்பு மாணவரின் எண்ணிக்கையை ஆசிரியரின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடுகிறது. அந்த விகிதத்துக்குள் உரையாடல் நடந்ததா என்பதற்குக் குறிப்பேடு சான்று; குறிப்பேட்டுக்குக் கையொப்பம் சான்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் படித்தால் வியப்பு மேலிடும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரக் கற்பித்தல். மொத்தப் பணி வாரம் 40 மணிநேரத்துக்குக் குறையலாகாது. இளநிலை வகுப்புகளைப் பொறுத்தவரை மாணவர் வழிகாட்டலுக்கென நாள்தோறும் இரண்டு மணிநேரம் ஒதுக்குவதைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டுள்ளது. ஏட்டில் இருக்கும் இந்த இரண்டு மணிநேரத்தை நாம் எந்தக் கால அட்டவணையிலும் கண்டதில்லை. நமக்கு வாய்த்தது வாரத்துக்கு ஒரு பாடவேளை, 50 நிமிடம். மாதத்துக்கு 200 நிமிடம். நம் பொறுப்பில் இருந்தவர்கள் 28 பேர். ஆளுக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்திலும் குறிப்பேட்டை எழுதுவதற்கு மூன்று நிமிடம் போய்விடும். எஞ்சிய நான்கு நிமிடத்தில் ஒரு பத்தொன்பது வயது மனம் தன்னைத் திறந்து காட்ட வேண்டும்.

சுமை கூடியதற்கு மகிழத்தக்க காரணமும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அரசுப் பள்ளியில் பயின்று வந்த மாணவியர்க்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. அத்தொகை பலருக்குப் பேருந்துக் கட்டணமாகவும் சிலருக்கு வீட்டின் மளிகைச் செலவாகவும் இருக்கிறது. இவர்களின் வருகை இம்மண்ணின் நூற்றாண்டுக் கனவு.

முதல் தலைமுறை மாணவருக்கு வீட்டில் வழிகாட்ட ஆளில்லை. அக மதிப்பீடு என்றால் என்ன, வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் என்ன ஆகும், எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று சொல்ல அண்ணனோ அக்காவோ இல்லை. ஆகவே டியூட்டரே அவருக்கு அண்ணனும் அக்காவும் ஆகிறார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். மகன் இன்னும் வீடு திரும்பவில்லை என்று ஒரு தாய் அழுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, படிப்பை நிறுத்தப்போகிறோம் என்று ஒரு தந்தை அறிவிப்பார். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் ஒரு மாணவன் எழுதிய இரண்டு சொற்கள் நம் உறக்கத்தைப் பறித்துவிடும். நாட்டில் ஆண்டுதோறும் தற்கொலையால் இறக்கும் மாணவர்களின் எண்ணிக்கை 2021-இலும் 2022-இலும் 13,000-ஐக் கடந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவ்வெண்ணை அறிந்த எந்த டியூட்டராலும் அந்த இரண்டு சொற்களைக் கடந்துசெல்ல இயலாது.

இந்நிலைக்கு உளவியலார் இட்ட பெயர் 'பர்ன்அவுட்'. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இச்சொல்லைத் தம் ஆய்வில் கையாண்டார். பிறர்க்கு உதவும் தொண்டு மருத்துவமனையில் பணியாற்றியோரிடத்தில்தான் அவர் இதைக் கண்டார் என்பது கருதத்தக்கது. பின்னர் 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். அதன்படி மூன்று அடையாளங்கள். உள்ளம் வற்றிப்போதல் முதலாவது. எதிரே இருக்கும் மனிதரை மனிதராகக் காணாமல் பொருளாகக் காணுதல் இரண்டாவது. செய்வதெல்லாம் வீண் என்ற எண்ணம் மூன்றாவது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, நோய் என்று வகைப்படுத்தாமல் பணிசார்ந்த நிகழ்வு என்றே குறிப்பிட்டது. முறையாகக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். இவ்வேறுபாடு முதன்மையானது. நோயெனில் நோயாளியைக் குணப்படுத்த வேண்டும். பணிசார்ந்தது எனில் பணியைத் திருத்த வேண்டும்.

தமிழில் இதற்கு மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள். அது 'டிப்ரஷன்' என்பதற்கு வழங்கும் சொல்லாகையால் குழப்பமே மிஞ்சுகிறது. திரிகருகல் எனலாம் என்பது நம் எண்ணம். எண்ணெய் வற்றியபின் விளக்கு உடனே அணைவதில்லை. திரியைத் தின்று சிறிது நேரம் எரியும். பார்ப்பவர்க்கு அப்போதும் வெளிச்சம் தெரியும். நாற்றம் மட்டும் மாறியிருக்கும்.

மேற்சொன்ன இரண்டாம் அடையாளமே நம்மை அச்சுறுத்துவது. பணியில் சேர்ந்த புதிதில் மாணவரின் பெயரைச் சொல்வோம். சில ஆண்டுகளில் 'அந்த அரியர் பையன்', 'அந்த ஃபீஸ் கேஸ்' என்று சொல்லத் தொடங்குகிறோம். துறை அறையில் அவர்களின் துயரங்கள் தேநீர்ச் சிரிப்பாகின்றன. வெளியாள் கேட்டால் இவர்கள் இரக்கமற்றவர்கள் என்பார். உண்மையில் அச்சிரிப்பு, இரக்கம் தீர்ந்துபோனவர்களின் தற்காப்பு. தற்காப்பு என்பதால் அது சரியாகிவிடாது. அதன் விலையைக் கொடுப்பவர் மாணவரே.

அவ்விலையை ஒருமுறை நேரில் கண்டோம். இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நம் பொறுப்பில் இருந்தாள். அமைதியானவள், முன் வரிசையில் அமர்வாள், யாப்பிலக்கணத்தில் ஆர்வம் மிக்கவள். குறிப்பேட்டில் அவளுக்கு மூன்று சந்திப்புகள் பதிவாகியுள்ளன. மூன்றிலும் 'குறைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நம் கையெழுத்து இருக்கிறது. தரச்சான்றுக் குழுவின் வருகைக்காகக் கல்லூரியே பரபரத்துக்கொண்டிருந்த பருவம் அது. ஐந்தாண்டுக் கோப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தோம். அவள் வகுப்புக்கு வருவது நின்றது. வருகைக் குறைவு குறித்த அச்சிட்ட கடிதம் அவள் வீட்டுக்குப் போயிற்று. அனுப்பியவர்கள் நாமே. விடுமுறைக்குப் பின்னரே அவளுடைய தோழி வாயிலாகச் செய்தி தெரிந்தது. தாய்க்கு அறுவை சிகிச்சை, தந்தைக்குக் கடன், இவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கடைக்குச் சென்று அவளைக் கண்டோம். புடவை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்று வணங்கினாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டோம்.

"சொல்லலாம்னுதான் ஐயா வந்தேன். நீங்க அன்னிக்கு ரொம்ப அவசரத்துல இருந்தீங்க. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போம்மான்னு சொன்னீங்க."

குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையில் நம்மீது இரக்கமே இருந்தது. மறுசேர்க்கைக்கான படிவத்தை நாமே வாங்கி நிரப்பிக் கொடுத்தோம். அடுத்த ஜூனில் அவள் வந்து சேர்ந்தாள் என்று எழுதவே விரும்புகிறோம். அவள் வரவில்லை. அந்த ஆண்டு நம் மென்டார் கோப்புக்குப் பாராட்டுக் கிடைத்தது.

இதை நம் குற்றத்தைக் கழுவிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. பணிச்சுமை அதிகம், ஆகவே பொறுப்பில்லை என்ற வாதம் நமக்கு உடன்பாடன்று. ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆயினும் தலையை நிமிர்த்த முடியாத அளவுக்கு ஆசிரியரைக் கோப்பில் புதைத்துவிட்டு, மாணவரின் மனநலத்தைக் காக்க வேண்டியவரும் அவரே என்று சொல்லும் அமைப்பையும் குற்றக்கூண்டில் ஏற்றத்தான் வேண்டும்.

"மாதந்தோறும் ஊதியம் வாங்குகிறவர்கள் புலம்பலாமா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வெயிலில் நிற்பவரோடு ஒப்பிட்டால் நம் வாழ்வு நிழலில் கழிவதே. ஆனால் எல்லாரும் அந்த ஊதியம் வாங்கவில்லை. அரசு கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவுகளின் ஆசிரியர்களும் இதே டியூட்டர் பணியைச் செய்கின்றனர். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் அறிவித்தது. அதில் பாதியைக்கூடக் காணாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் நம்மோடு ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு தமக்கு வேலை இருக்குமா என்று அறியாத ஒருவர், மாணவரிடம் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையூட்டிப் பேச வேண்டும். தன் முகத்துக்கு மாறான உணர்வைப் பணியின் பொருட்டு அணிவதை ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல் உணர்வுழைப்பு என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் எழுதியது நம் துறை அறைக்கும் பொருந்துகிறது. மாணவியர் பெண் ஆசிரியரிடமே மனம்விட்டுப் பேசுவர் என்பதால் அவ்வுழைப்பின் பெரும்பகுதி பெண்கள்மேல் விழுகிறது. வீட்டுக்குச் சென்றால் அங்கும் அதே உழைப்பு காத்திருக்கும்.

மூத்தோர் சிலர் வேறொன்று சொல்வர். "எங்கள் காலத்தில் டியூட்டரும் இல்லை, நோட்டும் இல்லை. மாணவன் முகம் வாடியிருந்தால் ஆசிரியரே கூப்பிட்டுக் கேட்பார்." மெய்தான். நாமும் அத்தகையோரிடம் படித்து உருவானவர்களே. எனினும் அவர்கள் தாமே விரும்பிச் சிலரை அரவணைத்தனர். அரவணைப்புக்கு ஆளாகாத பலர் சத்தமின்றிப் படிப்பை விட்டனர். அவர்களின் கதை எந்த நினைவுக் குறிப்பிலும் இல்லை. ஒருவரும் விடுபடலாகாது என்பதற்காகவே முறை வேண்டியிருக்கிறது. ஆகவே டியூட்டர் முறையை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு உயிரூட்ட வேண்டும் என்கிறோம்.

ஆசிரியர் என்றால் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்போர் நன்னூலை மேற்கோள் காட்டுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். வறட்சியிலும் வளம் தருவது மலை என்பதை மேடைகளில் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கு அவர் சொன்ன இலக்கணத்தின் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். பருவத்துக்கும் உழவரின் முயற்சிக்கும் ஏற்ற அளவே நிலம் விளைவு தரும் என்பது அது. உழாமல், எருவிடாமல், ஆறப்போடாமல் மூன்று போகம் கேட்டால் பவணந்தியாரின் நிலமும் தரிசாகும். மேலும், ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் காட்டிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. பழம் தானாக உதிர்ந்தால் உண்டு. ஏறிப் பறிக்க எவரையும் அண்டவிடாது. திரி கருகிய டியூட்டர் அத்தகைய பனையாகத்தான் நிற்கிறார். அவர் பிறவியிலேயே பனையல்லர். நிலமாக வந்தவரை நாம் பனையாக்கியிருக்கிறோம்.

தனி ஒருவராகச் செய்யக்கூடியவை சில உண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் உயிராபத்து தொடர்பான அழைப்பன்றி வேறெதையும் ஏற்பதில்லை என்று பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். நாம் அவ்வாறு செய்து மூன்றாண்டுகள் ஆகின்றன. வானம் இடிந்து விழவில்லை. மாணவரின் பெயரைச் சொல்லாமல், நம்பத்தக்க சக ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை மனத்தை இறக்கி வைக்கலாம். தீர்க்க இயலாததைத் தீர்க்க இயலாது என்று மாணவரிடமே சொல்லி, உரியவரிடம் அனுப்பலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 நாள் முழுதும் இயங்குகிறது. அந்த எண் மாணவருக்கு மட்டுமன்று, ஆசிரியருக்கும் உரியதே. தியானம், நடைப்பயிற்சி ஆகியவற்றின் பயனையும் மறுக்கவில்லை. ஆனால் குடம் ஓட்டையாக இருக்கையில் நீர் சுமப்பவரின் தோளுக்கு எண்ணெய் தடவுவதால் குடம் நிறையாது.

அமைப்பு செய்ய வேண்டியவை என நாம் கருதுபவை:

1. வழிகாட்டலுக்கான நேரம் கால அட்டவணையில் பாடவேளையாக இடம்பெற வேண்டும். அது பணிப்பளுவில் கணக்கிடப்பட வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் இயலாதெனில் வாரத்துக்கு மூன்றாவது தரட்டும்.

2. குறிப்பேட்டை ஒரே பக்கமாகச் சுருக்க வேண்டும். மாணவரின் அந்தரங்கத்தை, எவர் கையிலும் அகப்படும் நோட்டில் எழுதச் சொல்வதே அறமன்று. அதனால்தான் எல்லாரும் 'இல்லை' என்று எழுதுகிறோம்.

3. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் கல்லூரியில் இருக்க வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகளின்படி, நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் நிறுவனங்கள் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் நூறு பேருக்குக் குறைவாகப் பயிலும் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே இது எல்லார்க்கும் உரிய கடமை. உளவியல் தாளை எப்போதோ படித்த ஆசிரியரின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதால் இது நிறைவேறாது.

4. மாதம் ஒருமுறை டியூட்டர்கள் மட்டும் கூடி, அதிகாரிகள் இன்றி, ஆலோசகர் முன்னிலையில் தம் இடர்களைப் பேச இடமளிக்க வேண்டும். மனநல ஆலோசகர்களே தமக்கு மூத்த ஒருவரிடம் சென்று தம் பணியைப் பற்றிப் பேசுவது அத்துறையின் நடைமுறை. பயிற்சி பெற்றவர்க்கே அது வேண்டுமெனில், பயிற்சியற்ற நமக்கு வேண்டாமா?

5. கௌரவ விரிவுரையாளரின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் மாணவர் நலனோடு பிணைந்தவை என்பதை உணர வேண்டும். ஆசிரியர் ஆண்டுதோறும் மாறினால் மாணவர் யாரை நம்பி வாய் திறப்பார்?

இவற்றுள் முதலிரண்டுக்கும் நான்காவதுக்கும் ஒரு காசும் செலவில்லை. முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும். செலவில்லாததும் நடக்காமலிருப்பதற்குக் காரணம், தோழிக்கும் துயரம் உண்டு என்ற எண்ணம் நமக்கே இல்லாமைதான். கேட்டால் பலவீனம் என்பார்களோ என்று ஆசிரியர் அஞ்சுகிறார். கேட்காததால் நலமாக இருக்கிறார்கள் என்று நிர்வாகம் எழுதிக்கொள்கிறது. குறிப்பேட்டின் 'குறைகள்: இல்லை' என்ற கட்டத்தில் மாணவர் மட்டும் இல்லை; நாமும் இருக்கிறோம்.

இப்பருவம் நம் பொறுப்பில் 31 பேர். முதல் சந்திப்பில் நோட்டைத் திறக்காமல் பேசுவது என்று முடிவு செய்தோம். பேசி முடித்துவிட்டுக் கையொப்பம் வாங்க மறந்துபோனோம். கோப்பில் அந்த வாரம் வெற்றிடமாகவே இருக்கிறது. துறைத்தலைவர் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுக்க வேண்டும்.